ஊர்ப் பெயரை வாலில் இருந்து படியுங்கள்

கேள்வி இது: "ஆங்கிலேயர்களுக்கு ஹில், வுட், புரூக், ஃபோர்டு என்று மலை, காடு, ஓடை, ஆற்றுத்துறை எல்லாம் குடும்பப் பெயராக இருக்கிறது. நமக்கு ஏன் அப்படி இல்லை? பாக்கம், தாங்கல், ஏந்தல், குறிச்சி, செவல் என்று நம் ஊர்ப் பெயர்களின் கடைசியில் வருவதற்கெல்லாம் என்ன பொருள்?"

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைப் பார்த்துவிட்டால் முதல் கேள்விக்கு வழி தெரிந்துவிடும்.

நான் நில அளவைப் பணியில் சங்கிலி பிடித்து ஊர் ஊராக அலைந்தவன். அந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு: ஊர்ப் பெயரைத் தலையில் இருந்து படிக்க மாட்டேன், வாலில் இருந்துதான் படிப்பேன். ஐயப்பன்தாங்கல் என்றால் எல்லோரும் 'யார் அந்த ஐயப்பன்?' என்று கேட்பார்கள். எனக்கு ஐயப்பன் பற்றிக் கவலை இல்லை, தாங்கல்தான் முக்கியம். தாங்கல் என்றால் மழைநீரைக் கரை போட்டுத் தாங்கி நிறுத்திய சிறிய ஏரி. பெயரின் தலை 'எந்த', 'யாருடைய' என்று சொல்லும். வால் 'என்ன' என்று சொல்லும். தலை மாறும், ராஜா மாறினால் மாறும், சாமி மாறினால் மாறும், இப்போது கட்சி மாறினாலும் மாறுகிறது. வால் அவ்வளவு சுலபமாக மாறாது.

வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். வேடர்கள் தங்கிய இடம் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. பறவை, வேடன் என்று கதையும் பொருத்தமாக அமைந்துவிடுகிறது. ஆனால் அங்கே போய் நின்றால் கண் முன்னே இருப்பது ஏரி. ஏரி இருப்பதால்தான் பறவையே வருகிறது. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று அதே செங்கல்பட்டுச் சீமையில் இத்தனை தாங்கல்கள் இருக்கும்போது இந்த ஒரு தாங்கலில் மட்டும் யாரோ தங்கிவிட்டுப் போனார்கள் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வேடன் வந்து போயிருக்கலாம். தாங்கல் ஏரிதான்.

தண்ணீர்ப் பெயர்களில் இன்னொரு ரசமான விஷயம், அவை சீமைக்குச் சீமை மாறும். வடக்கே, பழைய தொண்டை மண்டலத்தில், பெரிய நீர்நிலை என்றால் ஏரி, சிறியது தாங்கல். மதுரையைத் தாண்டி சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் போனால் அதுவே கண்மாய், சின்னது ஏந்தல், குடிக்க மட்டும் வைத்திருப்பது ஊருணி. திருநெல்வேலியிலும் கோயம்புத்தூரிலும் குளம். சென்னைக்காரரிடம் குளம் என்றால் அவர் நினைப்பது கோயில் தெப்பக்குளம், படிக்கட்டு, நடுவில் மண்டபம். நெல்லைக்காரருக்குக் குளம் என்பது நூற்றுக்கணக்கான ஏக்கர் வயலுக்குப் பாயும் நீர்த்தேக்கம். விளாத்திகுளம், ஆலங்குளம், கருங்குளம் எல்லாம் அந்தக் குளம். ஊர்ப் பெயரின் வாலை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். 'ஏந்தல்' என்று முடிந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு வைகைக்குத் தெற்கே கை காட்டுவேன். பத்தில் ஒன்றிரண்டு தவறும், தவறட்டும்.

சமுத்திரம் என்று முடியும் ஊர்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் குழம்புவது வழக்கம். அம்பாசமுத்திரம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடலுக்குப் போக மாவட்டத்தையே தாண்ட வேண்டும். ரவணசமுத்திரம், கோபாலசமுத்திரம், பழனிப் பக்கத்துப் பாலசமுத்திரம் எல்லாமே உள்நாடுதான். கடலைப் போல் பெரிதாக ஏரி வெட்டினேன் என்று வெட்டியவர்களோ அவர்களைப் பாடியவர்களோ வைத்த பெயர். கொஞ்சம் மிகைதான். ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்து ராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பார்த்தால் மிகை என்று சொல்லவும் வாய் வராது. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று அதைச் சொல்வார்கள், அதாவது நாரைகூட ஒரே மூச்சில் கடக்க முடியாத நீளம். அந்த ஊருக்குச் சமுத்திரம் என்று பெயர் கிடைக்கவில்லை, மங்கலம் என்று கிடைத்தது. மங்கலம் நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கொடையாகக் கொடுத்த ஊர் என்று மட்டும் சொல்லும். பாளையம், பேட்டை, நல்லூர் ஆகியவையும் அப்படியே. படை, சந்தை, குடியேற்றம் இவற்றைச் சொல்லும் வால்கள் அவை. எல்லா வாலிலும் மண் ஒட்டியிருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

இலங்கைக்குப் போனாலும் இதே பழக்கம் கை கொடுக்கும். வன்னியில் கனகராயன்குளம், வவுனிக்குளம், செட்டிகுளம் என்று குளமாகவே வரும், ஏனென்றால் அங்கே குளம் இல்லாமல் ஊர் இல்லை. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது, சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர்தான். அங்கே கொக்குவில், இணுவில், கோண்டாவில், உடுவில், மட்டுவில் என்று வரிசையாக 'வில்'. இதை அம்பு எய்கிற வில்லோடு சேர்த்துக் கதை சொல்பவர்கள் உண்டு. வில் அல்லது வில்லு என்பது இயற்கையாகத் தண்ணீர் தேங்கும் தாழ்ந்த இடம். வில்பத்துக் காட்டுக்குள் இருக்கும் அந்த ஆழமில்லாத ஏரிகளை இன்றைக்கும் வில்லு என்றுதான் சொல்கிறார்கள், சிங்களத்திலும் 'வில' என்று அதே சொல் இருக்கிறது. கிழக்கே மட்டக்களப்பில் களப்பு என்றால் கடலோரக் காயல். வாழைச்சேனையில் வரும் சேனை என்பது காட்டை வெட்டி எரித்து இரண்டு மூன்று போகம் விதைத்துவிட்டு நகரும் பயிர்நிலம். அதைப் படை என்று நினைத்துக்கொண்டு ஒரு போர்க்கதை கட்டுவதும் நடக்கும். கதை கட்டுவதில் நம்மை யாரும் வெல்ல முடியாது.

சரி, இப்போது மேடு பள்ளம். மேட்டுப்பாளையம், மேட்டூர், மேட்டுப்பட்டி, பள்ளப்பட்டி: இவற்றுக்கு விளக்கமே வேண்டாம். ஆனால் ஆற்றோரத்தில் இந்தச் சொற்கள் நுணுக்கமாகிவிடும். ஆற்றுக்கு நடுவே தண்ணீர் இரண்டாகப் பிரிந்து மறுபடி கூடும் இடத்தில் ஒரு திட்டு நிற்குமே, அதற்கு மட்டும் எத்தனை பெயர்! அரங்கம் ஒன்று. திருவரங்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. அரங்கம் என்றால் மேடை, ஆகவே பெருமாள் பள்ளிகொண்ட மேடை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் காவிரியில் ரங்கநாதர் கோயில் புகழ்பெற்றிருக்கும் மூன்று இடங்களை வரிசையாகப் பாருங்கள்: மேலே கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம், நடுவில் சிவனசமுத்திரம், கடைசியில் நம் ஸ்ரீரங்கம். ஆதிரங்கம், மத்தியரங்கம், அந்தியரங்கம் என்று சொல்லும் இந்த மூன்றும் ஆற்றுத்தீவுகள். மூன்று தடவையும் தற்செயல் என்று சொல்ல முடியுமா?

துருத்தி இன்னொன்று. குத்தாலத்துக்குப் பழைய பெயர் திருத்துருத்தி. திருவையாற்றுப் பக்கம் திருப்பூந்துருத்தி இருக்கிறது. ஆற்றுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் நிலம் என்று பொருள். இன்று போய்ப் பார்த்தால் பஸ் போகும் ஊர், தீவு மாதிரியே தெரியாது. ஆறு நகர்ந்துவிட்டது, பெயர் நகரவில்லை. துறை என்பது ஆற்றில் இறங்கும் இடம், படகு கட்டும் இடம்: மயிலாடுதுறை, திருவாவடுதுறை, கடற்கரையில் பருத்தித்துறை. ஆங்கிலேயர்களின் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் 'ஃபோர்டு'ம் கிட்டத்தட்ட இந்தத் துறைதான், மாடு ஆற்றைக் கடந்த இடம். ஆறுகள் சேரும் இடம் கூடல். தாமிரபரணிக்கரை முக்கூடல் அப்படி. நிலம் முடியும் இடம் கோடி. தனுஷ்கோடியும் கோடியக்கரையும் நூறு லட்சம் அல்ல, முனை.

மண்ணின் நிறமும் பெயருக்குள் வரும். தெற்கே செம்மண் நிலம் செவல், கறுப்பு மண் கரிசல். புலித்தேவரின் நெற்கட்டும்செவல் பெயரைச் சேவலோடு சேர்க்காதீர்கள், அது செவல். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் காற்று குவித்த சிவப்பு மணல் மேடு தேரி. ஈரோட்டில் ஒரு நகராட்சியின் பெயரே புன்செய் புளியம்பட்டி. அந்தப் பக்கம் நஞ்சை ஊத்துக்குளி, நஞ்சை என்றும் புஞ்சை என்றும் தொடங்கும் கிராமங்கள் இன்னும் பல. வரிக்கணக்குக்காக எழுதிவைத்த நில வகை ஊரின் பெயரோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. எங்கள் துறை ஆட்களுக்கு இந்தப் பெயர்களைப் பார்த்தால் ஒரு சந்தோஷம். ஊர் தன் பட்டாவைத் தானே தூக்கிக்கொண்டு நிற்பது போல் இருக்கும்.

கொங்கு நாட்டில் 'காடு' என்ற சொல்லிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அங்கே ஒருவர் "காட்டுக்குப் போயிருக்காரு" என்றால் புலி இருக்கும் காட்டுக்குப் போகவில்லை, மானாவாரியாகச் சோளமோ கடலையோ விதைத்திருக்கும் தன் நிலத்துக்குப் போயிருக்கிறார். கிணறு வெட்டிப் பாய்ச்சும் நிலம் தோட்டம், மழையை நம்பிய நிலம் காடு. ஆகவே அந்தப் பக்கம் காடு என்று முடியும் பெயர் ஒவ்வொன்றுக்கும் பழைய வனத்தைத் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை.

இனி மரங்கள். சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. அது ஒரு மரம், உப்புத்தண்ணீர் ஏறும் கழியோரத்தில் வளர்வது, வெட்டினால் வரும் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஊருக்குள் இன்று தில்லைக்காடு இல்லை. கிழக்கே பிச்சாவரம் போனால் சதுப்புநிலத்தில் அதே மரத்தைப் பார்க்கலாம். திருவல்லிக்கேணியில் அல்லி பூத்த கேணி, புளியங்குடியில் புளி, காரைக்குடியில் காரைச்செடி. இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம், மரத்தைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வாலும் ஏமாற்றும். அதையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை.

முதல் ஏமாற்று, வால் தன் நிலத்தைவிட்டு நகர்ந்துபோவது. பழைய இலக்கணப்படி குறிச்சி மலைநிலத்து ஊர், பாடி முல்லைநிலத்து ஆயர் ஊர், ஊர் என்பதே மருதத்து வயல்வெளிக் குடியிருப்பு, பட்டினமும் பாக்கமும் நெய்தல் கடற்கரை. படிக்கும்போது அழகாக இருக்கும். ஆனால் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றி மலையைத் தேடினால் கிடைக்காது, கண்ணுக்கு எட்டிய வரை சமவெளி. சென்னையின் பாக்கங்களும் அப்படியே: சேப்பாக்கம் கடலோரம், சரி, கோடம்பாக்கம், வில்லிவாக்கம், புரசைவாக்கம் எல்லாம் உள்ளே தள்ளி இருக்கின்றன. சொல் முதலில் ஒரு நிலத்தைக் குறித்தது, பிறகு வெறும் 'குடியிருப்பு' என்று பொருள் தேய்ந்து எங்கும் பரவியது. தாங்கலும் செவலும் அப்படித் தேயவில்லை. எனவே குறிச்சியைக் கொஞ்சம் சந்தேகத்தோடும் தாங்கலை நம்பிக்கையோடும் படிக்கலாம் என்பது என் கணக்கு.

கோடம்பாக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. நவாபின் குதிரைகள் மேய்ந்த தோட்டம், 'கோடா பாக்', அதுதான் கோடம்பாக்கம் ஆனது என்று ஒரு கதை. பக்கத்திலேயே நுங்கம்பாக்கம், அந்தப் பக்கம் கீழ்ப்பாக்கம், தெற்கே மீனம்பாக்கம் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் பாக்கம் என்பது தமிழ்ப் பாக்கம், இந்த ஒன்றுக்கு மட்டும் உருதுத் தோட்டமா? சுற்றிலும் உள்ள ஊர்களின் வாலை ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதிக் கதைகள் உதிர்ந்துவிடும்.

இரண்டாவது ஏமாற்று, வேறு மொழிச் சொல் நம் சொல் போல் வேஷம் போடுவது. கோத்தகிரியின் கிரி மலை இல்லை. அது கோத்தர்கள் என்ற பழங்குடியினரின் 'கேரி', அதாவது தெரு, குடியிருப்பு. நீலகிரியில் இருப்பதால் கேரி வசதியாகக் கிரி ஆகிவிட்டது. ஒகேனக்கல் கன்னடம்: ஹொகெ என்றால் புகை, கல் நமக்கும் கல்தான். அருவி விழுந்து தூவானம் புகை போல் எழும்பும் பாறை. ஓசூர், ஹொச ஊரு, புதிய ஊர்.

மூன்றாவது, மொழிபெயர்ப்பு. மறைக்காட்டை வேதாரண்யம் ஆக்கினார்கள். மறை வேதமானது, காடு ஆரண்யமானது. மயிலாடுதுறை மாயூரமாகி, மாயவரமாகி, 1982இல் மறுபடி மயிலாடுதுறை ஆனது. முதுகுன்றத்தை விருத்தாசலம் ஆக்கினார்கள்: முது விருத்தம், குன்றம் அசலம். விருத்தாசலத்தில் இன்று கண்ணுக்குத் தெரியும்படி குன்று எதுவும் கிடையாது, தட்டையான மணிமுத்தாற்றுக்கரை. சாமிக்குப் பெயர் பழமலைநாதர், மலையைத்தான் காணோம். மலை பூமிக்குள் அமிழ்ந்துவிட்டது என்று கோயில் சார்பில் பதில் சொல்வார்கள். நான் அந்தப் பக்கம் அளவைக்குப் போனபோதெல்லாம் தரை எங்காவது லேசாக ஏறுகிறதா என்று காலாலேயே பார்த்துக்கொண்டு நடப்பேன்.

ஆர்க்காட்டுக்கு ஆறு காடு என்று கணக்குச் சொல்லி, ஆறு முனிவர்களையும் உட்கார வைத்து, ஷடாரண்யம் என்று வடமொழியிலும் பெயர் கொடுத்தார்கள். ஆர் என்றால் ஆத்தி மரம். சங்கப் பாட்டிலேயே ஆர்க்காடு என்று ஓர் ஊர் வருகிறது. ஆத்திக்காடு என்று நேராக விளங்கும் பெயருக்கு ஆறு முனிவர்கள் எதற்கு?

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். நிலத்தை வைத்துக் குடும்பப் பெயர் நமக்கு இல்லையா?

இருந்தது. பெயருக்குப் பின்னால் வைக்காமல் முன்னால் வைத்தோம், அவ்வளவுதான். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், மாங்குடி மருதனார் என்று சங்கப் புலவர்களில் எத்தனை பேர் ஊரோடு வருகிறார்கள்! எனக்குப் பிடித்த பெயர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். சிறுபாணாற்றுப்படை பாடியவர். அவருடைய பெயரின் முதல் சொல்லைப் பாருங்கள்: கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே கிடக்கும் நாடு. சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் செங்கல்பட்டு மாவட்டத்தின் கடைசியில் இடைக்கழிநாடு என்று ஒரு பேரூராட்சி வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி. பெயர்ப்பலகையும் அதேதான். ஒரு புலவருடைய 'குடும்பப் பெயர்' இத்தனை நூற்றாண்டு கழித்து பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது.

கணியன் பூங்குன்றனாரை நினைத்தால் சிரிப்பு வரும். எல்லா ஊரும் எங்கள் ஊர்தான் என்று பாடியவர் அவர். நாம் அவரை நினைவு வைத்திருப்பதோ அவருடைய சொந்தக் குன்றின் பெயரால்.

இந்தப் பழக்கம் பிறகு ஒரே எழுத்தாகச் சுருங்கியது. உ.வே.சா.வின் உ உத்தமதானபுரம். ஈ.வெ.ரா.வின் ஈ ஈரோடு. ஈரோட்டுக்கு ஈர் ஓடை என்று பொருள் சொல்வார்கள், பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம் என்று இரண்டு ஓடைகள் ஊரோடு ஓடுவதால். சிவன் கையில் இருந்த ஈரமான மண்டை ஓடு என்று இன்னொரு கதையும் இருக்கிறது. எனக்கு ஓடைதான் சரியாகப் படுகிறது. பெரியாருடைய பெயருக்கு ஓடு பொருந்துமா என்பதை வேறு யோசிக்க வேண்டியிருக்கிறது. திரு.வி.க.வில் 'திரு' திருவாரூர், 'வி' அவருடைய அப்பா விருத்தாசலம். மேலே சொன்ன முதுகுன்றம் வடமொழியாக மாறி, கோயிலாகி, ஒரு மனிதருக்குப் பெயராகி, மகனின் தலைப்பெழுத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதுதான் நம்முடைய தனி வழி. மற்றவர்கள் மலையைக் குடும்பப் பெயராக வைத்தார்கள், நாம் பிள்ளைக்கே வைத்தோம். அண்ணாமலை, ஏழுமலை, திருமலை, மருதமலை என்று மலையே ஆளாக நடமாடுகிறது. பொன்னியும் காவேரியும் வைகையும் பெண்கள். ஹில் என்ற குடும்பப் பெயருக்காக நாம் ஆங்கிலேயரைப் பார்த்து ஏங்க வேண்டிய அவசியமே இல்லை.

அண்டை வீடுகளில் வேறு மாதிரி. தெலுங்கில் வீட்டுப்பெயர் முன்னால் வரும், அதில் பல ஊர்ப் பெயர்கள். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தது திருத்தணியில், 1888இல். சர்வபள்ளி என்பது நெல்லூர்ப் பக்கத்துக் கிராமம். குடும்பம் கிளம்பி வந்த பிறகும் பெயர் அந்தக் கிராமத்தை விடவில்லை. மலையாளத்தில் வீட்டுப்பெயரைப் படித்தால் வீடு எங்கே நின்றது என்றே தெரியும்: பறம்பில் என்றால் மேட்டுத் தோட்டநிலத்தில், கண்டத்தில் என்றால் வயல் துண்டில், குன்னேல் என்றால் குன்றின் மேல், படிஞ்ஞாறேக்கர என்றால் மேற்குக் கரை. தமிழ் தெரிந்தவர்களுக்கு அகராதியே தேவைப்படாது. தூரத்தில் ஜப்பானியர்கள் அச்சு அசலாக இதையே செய்திருக்கிறார்கள். தனாகா என்றால் வயலுக்கு நடுவே, யமமோத்தோ மலையடிவாரம், கோபயாஷி சின்னத் தோப்பு, இனோவே கிணற்றுக்கு மேலே. 1875இல் அங்கே எல்லோரும் குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது, ஆகவே இந்தப் பெயர்கள் பதிவேட்டில் ஏறி நிலைத்துவிட்டன.

நமக்கு அப்படி உத்தரவு எதுவும் வரவில்லை. பெயருக்குப் பின்னால் இருந்த இடத்தைச் சாதிப்பட்டம் பிடித்துக்கொண்டிருந்தது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் அந்தப் பட்டத்தைக் கழற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், பலர் கழற்றினார்கள். பின்னால் காலியான இடத்தில் ஊரைக் கொண்டுவந்து வைத்திருக்கலாம். யாரும் வைக்கவில்லை. முன்னால் இருந்த ஊரின் எழுத்தும் மெல்ல உதிர்ந்து, அப்பா பெயரின் ஓர் எழுத்து மட்டும் மிஞ்சியது. இப்போது பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறோம், கடைசியில் அப்பா பெயரை எழுதிவிட்டு வருகிறோம். வெளிநாட்டு விமான நிலையத்தில் அப்பா பெயரால் நம்மைக் கூப்பிடுவார்கள், நாம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருப்போம்.

இசை உலகம் மட்டும் விடவில்லை. செம்மங்குடி, அரியக்குடி, காருகுறிச்சி என்று ஊரைச் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். அப்புறம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது, பதிவேட்டில்தான் இல்லை. ஓர் ஊரில் நான்கு பழனிச்சாமி இருந்தால் எப்படிப் பிரிப்பது? மேட்டுத் தோட்டத்துப் பழனிச்சாமி, பள்ளத்துத் தோட்டத்துப் பழனிச்சாமி, ஓடக்காட்டுப் பழனிச்சாமி. கொங்குப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள், ஊர்ப் பெயருக்கு முன்னால் தோட்டத்துப் பெயரும் அச்சடித்திருக்கும். மூன்று தலைமுறைக்கு முன்பே தோட்டத்தை விற்றுவிட்டு திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவரையும் சொந்தக்காரர்கள் 'பள்ளத்துத் தோட்டத்துக்காரர்' என்றுதான் சொல்வார்கள். இதற்கு மேல் குடும்பப் பெயர் என்று வேறு என்ன வேண்டும்?

உங்கள் ஊர்ப் பெயருக்குப் பொருள் தேட வேண்டும் என்றால், கோயில் தலபுராணத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் சுற்றியுள்ள பத்து ஊர்களின் வாலை எழுதி வரிசைப்படுத்துங்கள். உள்ளூர்க்காரர்கள் வாயால் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள், பலகையில் இருப்பது பெரும்பாலும் திருத்திய பெயர். கோயில் சுவரில் கல்வெட்டு இருந்தால் அதில் ஊர்ப் பெயர் எப்படி வருகிறது என்று பாருங்கள். பிறகு வயல்களுக்கு வருங்கள். ஊர்ப் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், வயல் பெயரை மாற்ற யாருக்கும் அக்கறை இல்லை. கோடிக்கால், பள்ளக்கால், மேட்டுச்செய் என்று உழுகிறவர்கள் வாயில் அது அப்படியே கிடக்கும்.

நகரத்திலும் இதைப் பார்க்கலாம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வியூவில் வருவது எதிர்வீட்டு பால்கனிதான். அங்கே பெரிய ஏரி ஒன்று நீண்டு கிடந்தது. 1920களில் தியாகராய நகர் அமைக்கத் தொடங்கியபோது ஏரியைத் தூர்த்தார்கள். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்றே தெருக்கள் இருக்கின்றன, ஏரி இருந்த இடத்தில்தான் 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. அந்தப் பக்கம் வீடு வாங்கப் போகிறவர்கள் தெருப்பெயரை ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

கொள்ளிடத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அளந்துகொண்டிருந்தபோது ஒரு புன்செய்த் துண்டு வந்தது. கடலை போட்டிருந்தார்கள், ஆறு அங்கிருந்து ஒரு மைலுக்கு மேல். பெயர் கேட்டேன். களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே "தோணித்துறைங்க" என்றார். இந்தக் கடலைக் கொல்லைக்கு எங்கேயிருந்து தோணி வந்தது என்று சங்கிலிக்காரர் சிரித்தார். அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை, மாமியார் காலத்தில் இருந்தே அந்தப் பெயர்தானாம். மறு வருடம் வேறொரு வேலையாக அதே ஊருக்குப் போனபோது அந்த நிலத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பதினைந்தடி ஆழத்தில் வெள்ளை வெளேரென்று ஆற்று மணல் வந்துகொண்டிருந்தது.